நிறைந்த வயிற்றின் பசி

அரபி இலக்கணமும் ஃபிக்ஹும் ஓதிக் கொடுப்பதிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவன், வாத்துக் குஞ்சுகளின் தீனியைப் பற்றி எழுத முன்வருவது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். எனக்கே அது வியப்புத்தான். ஆனால், எந்தப் பாடத்தை எந்த ஆசிரியரிடம் கற்போம் என்பது நம் கையில் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் நம்பியிருந்த ஒரு பாடத்தை, 2021 ஆம் ஆண்டுக் கோடையின் முகப்பில், உள்ளங்கையில் அடங்கும் பத்துக் குஞ்சுகள் எனக்கு மறுபடியும் ஓதிக் கொடுத்தன. அதற்காக அவை கொடுத்த விலை பெரிது. அது வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாகூருக்கு மேற்கே, வெட்டாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூர். சம்பா அறுவடை முடிந்து, வயல்களில் தாள் மட்டுமே நிற்கும் தை, மாசி மாதங்களில் வாத்து மந்தைகள் வந்து இறங்கும். சிந்திய நெல்லையும் சேற்றில் கிடக்கும் நத்தையையும் பொறுக்கித் தின்றபடி, ஆயிரக்கணக்கான வாத்துகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டு வரப்புகளைக் கடக்கும் காட்சி, கண்டவர்களுக்கே தெரியும். மந்தைக்காரர்கள் வரப்போரத்தில் வலையடைப்புக் கட்டி, இரவில் வாத்துகளை அதற்குள் அடைப்பார்கள். விடியுமுன் அடைப்புக்குள் முட்டைகள் வெள்ளையாய்ச் சிதறிக் கிடக்கும். மத்ரஸாவுக்குப் பின்புறமுள்ள வயலில் அவ்வாண்டு தங்கியிருந்த மந்தைக்காரப் பெரியவர், பள்ளிவாசல் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ள இடம் தந்தமைக்கு நன்றியாக, பன்னிரண்டு முட்டைகளை ஒரு பழைய துண்டில் முடிந்து கொடுத்துவிட்டுப் போனார்.

சமையலுக்குத்தான் கொடுத்தார். ஆனால் என் இளைய மகள் அவற்றை அடை வைக்க வேண்டும் என்றாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் அவள் வகுப்புக்கு இன்னும் திறந்தபாடில்லை. துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை ஓராண்டாக வீட்டுக்குள்ளேயே அடைந்து, பேச்சையும் குறைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்து ஒன்றைக் கேட்டதே எங்களுக்குப் பெரிய செய்தி. என் மனைவி உடனே ஓர் அடைக்கோழியைப் பிடித்து, மணலும் வைக்கோலும் பரப்பிய கூடையில் முட்டைகளை வைத்தாள்.

கோழி முட்டை இருபத்தொரு நாளில் பொரிக்கும். வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு நாள் வேண்டும். தன் இனத்துக்குரிய தவணை கடந்த பிறகும், அந்தக் கோழி மேலும் ஏழு நாள் அசையாமல் அமர்ந்திருந்தது. இரண்டு கூமுட்டையாய்ப் போயின. மீதிப் பத்தும் பொரித்தன. மஞ்சளும் கருமையும் கலந்த தூவியும் தட்டையான சிறு அலகுமாக அவை கூடையின் விளிம்பில் எட்டிப் பார்த்த காலையில், என் மகள் ஓராண்டுக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக எதையும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. செய்தவற்றைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

முதல் தவறு நான்காம் நாள் நேர்ந்தது. வாத்து என்றால் நீந்தப் பிறந்தது. அதற்குத் தண்ணீரைக் காட்டாமல் வைத்திருப்பது பாவம் என்று எண்ணி, ஓர் அகன்ற அலுமினியப் பாத்திரத்தில் கிணற்று நீரை நிரப்பிக் குஞ்சுகளை இறக்கிவிட்டேன். அவை நீந்தின. மகள் கைகொட்டினாள். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று நான் பள்ளிவாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, தூவியெல்லாம் நனைந்து உடலோடு ஒட்டிக்கொள்ள, குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. பாத்திரத்தின் விளிம்பு உயரம். ஏறி வெளியே வர அவற்றால் இயலவில்லை. அடுப்படியில் வைத்துச் சூடேற்றி ஒன்பதைக் காப்பாற்றினோம். ஒன்று அன்றிரவே இறந்தது.

நீரில் வாழும் பறவை நீரால் சாகுமா என்று அன்று நான் வியந்தேன். தாய் வாத்தோடு வளரும் குஞ்சு, அவளது சிறகின் எண்ணெய்ப் பசையைத் தன் தூவியிலும் பெற்றுக்கொள்கிறது. நனைந்து குளிர்ந்தால் அவள் சிறகடியில் ஒதுங்குகிறது. கோழியை வளர்ப்புத் தாயாகக் கொண்ட குஞ்சுக்கு அந்தப் பசை கிடையாது. முதல் வாரத்தில் அதற்கு ஏறத்தாழ முப்பத்திரண்டு பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். வாரத்துக்கு மூன்று பாகை வீதம் பின்னர்க் குறைத்துக்கொண்டு போகலாம். குடிநீரோ, அலகையும் மூக்குத் துளையையும் முக்கிக் கழுவும் ஆழம் இருக்க வேண்டும். உடல் இறங்கும் ஆழம் இருக்கக் கூடாது. தண்ணீர் அருகில் இல்லாமல் உலர்ந்த தீனியைக் கொடுத்தாலும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இவையெல்லாம் ஒரு குஞ்சைப் புதைத்த பிறகு நான் கற்றவை.

இழப்பை ஈடுசெய்ய எண்ணியோ என்னவோ, மிஞ்சிய ஒன்பதுக்கும் தீனியில் குறை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பச்சரிசிக் குருணையைக் குழைய வேகவைத்து, ஆறவைத்து, நாளொன்றுக்கு ஐந்து வேளை என் கையாலேயே வைத்தேன். இடையிடையே கடையில் வாங்கிய கோழிக்குஞ்சுத் தீவனத்தையும் கொஞ்சம் கலந்தேன். அவை தின்று, கழுத்தடி புடைக்க, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்குவதைக் காண்பதில் எனக்கும் மகளுக்கும் ஒரு நிறைவு. முற்றத்தைச் சுற்றி வலை கட்டி, அவை வெளியே போகாதபடியும் காக்கையும் கீரியும் உள்ளே வராதபடியும் காவல் செய்தேன். சிமெண்டுத் தரையை இருவேளை கழுவினேன். ஒரு புழு பூச்சி அங்கே இருந்திருக்க முடியாது. என் வீட்டில் அவை அரசகுமாரர்கள் போல வளர்கின்றன என்று அண்டை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லவும் சொன்னேன்.

பதினான்காம் நாள், ஒரு குஞ்சு மற்றவற்றோடு ஓட இயலாமல் பின்தங்கியது. மறுநாள் இரண்டு. மூன்று நாட்களில் ஆறு குஞ்சுகளின் கால்கள் வில்லாக வளைந்தன. கணுக்கால் மூட்டுகள் வீங்கின. தீனிக் கிண்ணத்தை நோக்கிச் சிறகை ஊன்றித் தவழ்ந்து வந்தன. வாதம் என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் மற்றொருவர். நான் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தேய்த்தேன், துஆச் செய்தேன். வேளைக்கு ஒரு பிடி குருணையும் கூடுதலாக வைத்தேன். வயிறுகள் நிறைந்தன. கால்கள் நிமிரவில்லை.

கடைசியில் இரண்டு குஞ்சுகளைக் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் இளவயதுப் பெண்மணி. குஞ்சின் மூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “என்ன தீனி வைக்கிறீர்கள்?” என்று கேட்டார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். “நிறையத்தான் வைத்திருக்கிறீர்கள், ஹஜ்ரத். ஆனால் இதற்கு வேண்டியதை வைக்கவில்லை” என்றார். அடுத்த கால் மணி நேரம் அவர் ஆசிரியராகவும் நான் மாணவனாகவும் இருந்தோம்.

நியாசின் என்றொரு உயிர்ச்சத்து உண்டு. பி3 என்றும் அதைச் சொல்வார்கள். கோழிக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீனியில் முப்பது, முப்பத்தைந்து மில்லிகிராம் அளவு இருந்தால் போதும். வாத்துக் குஞ்சுக்கோ ஐம்பத்தைந்து மில்லிகிராம் வேண்டும். புரதத்திலுள்ள டிரிப்டோஃபேன் என்னும் பொருளிலிருந்து நியாசினைத் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும் திறன் வாத்துக்குக் குறைவு. அத்துடன் கோழிக்குஞ்சைவிட அது விரைந்து வளர்கிறது. பாரம் நாளுக்கு நாள் ஏறுகிறது. அதைத் தாங்கும் கால் அதற்கேற்ப உறுதிப்படுவதில்லை. ஆகவே வளைகிறது. தீட்டிய பச்சரிசியில், வாத்துக் குஞ்சுக்கு வேண்டிய அளவில் பாதிகூட நியாசின் இல்லை. தவிட்டில் நிரம்ப இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி இறுகப் பிணைந்த நிலையில் இருப்பதால், உடலுக்கு முழுவதும் எட்டாது. நான் ஐந்து வேளை வைத்தது மாவுச் சத்தை மட்டுமே. குஞ்சு எவ்வளவுக்கு உண்டதோ, அவ்வளவுக்குப் பாரம் ஏறியது. நான் கூட்டி வைத்த ஒவ்வொரு பிடியும் அந்தக் காலின்மேல் வைத்த சுமையே!

இதைக் கேட்டு நான் தலை குனிந்திருந்தேன் போலும். இந்தத் தவறை உலகம் முழுவதும் மனிதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கே செய்திருக்கிறார்கள் என்று சொல்லி அவர் என்னைத் தேற்றினார். பின்னர் அதைப் பற்றிக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தேன். அவற்றில் சிலவற்றை இங்கே சொல்வது பயன் தரும்.

இன்றைய ஜக்கார்த்தா டச்சுக்காரர் ஆட்சியில் படேவியா எனப்பட்டது. 1890 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே கிறிஸ்டியான் எய்க்மன் என்ற மருத்துவர், பெரிபெரி நோயின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக் கோழிகளுக்குக் கால் விளங்காமற் போயிற்று. பிறகு தாமாகவே குணமாயின. விசாரித்தபோது, இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை இடையில் சிலகாலம் அவற்றுக்குப் போட்டதும், புதிதாக வந்த சமையற்காரர் அதைத் தர மறுத்தபின் தீட்டாத அரிசி போட்டதும் தெரியவந்தன. தீட்டி எறிந்த உமியடித் தோலில்தான் உயிர்ச்சத்து இருந்தது. அந்தச் சத்து தயமின் எனப்படும் பி1. இந்த வழியைத் திறந்தமைக்காக எய்க்மனுக்கு 1929 இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. மலாயாவில் வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை அந்நோய் வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பினார்கள் என்பதையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் கவனித்தார்கள். நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை, பிழைக்கப் போன இடத்தில் நம்மவர் உயிரைக் காத்தது.

நியாசினின் கதையும் இத்தகையதே. அமெரிக்காவின் தென்மாநிலங்களில், சோளமாவையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்னும் நோய் பற்றியது; தோல் வெடித்தது, வயிறு கழன்றது, அறிவும் கலங்கியது. தொற்றுநோய் என்றே பலரும் எண்ணினர். 1914 இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், அது உணவின் குறையால் வருவது என்று காட்டினார். அவர் காலமானபின் 1937 இல், கான்ராட் எல்வெஜெம் என்ற அறிஞர் அந்தச் சத்து நியாசின் என்று கண்டறிந்தார். வயிறு நிறைய உண்டவர்களே அந்நோயாளிகள். பட்டினி இரண்டு வகை என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். ஒன்று கத்தும், மற்றது சத்தமின்றி உறங்கும்.

மருத்துவர் கொடுத்த பி கூட்டுச் சத்து மருந்தை அவர் சொன்ன அளவில் தீனியில் கலந்து கொடுத்தோம். வாத்துக் குஞ்சுக்கான தீனியில், முதல் இரண்டு வாரத்தில் புரதம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். பத்து நாட்களில் நான்கு குஞ்சுகள் நிமிர்ந்து நடந்தன. ஒன்று காலம் கடந்துவிட்டதால் தேறாமல் இறந்தது. இன்னொன்று நடக்கத் தொடங்கியது. ஆயினும் வலக்கால் வளைந்தபடியே நின்றுவிட்டது. எட்டு மிஞ்சின. இதோடு முடிந்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

புரதம் என்ற சொல் என் மனத்தில் பதிந்துவிட்டது. வீட்டுப் பசுவுக்காக வாங்கிய கடலைப் புண்ணாக்கு, கொல்லைச் சார்ப்பில் ஒரு சாக்கில் இருந்தது. கடந்த மழைக்காலம் முழுவதும் அங்கேதான் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், சில கட்டிகளில் பச்சைப் பூசணம் பிடித்திருந்தது. அதைத் தேய்த்து உதிர்த்துவிட்டு, ஒருநாள் நல்ல வெயிலில் உலர்த்தி, இடித்து, ஊறவைத்துக் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. ஒருமுறை கற்றுக்கொண்டவனுக்கு மறுமுறை கேட்கத் தோன்றாது. அது கல்வியோடு வரும் ஒரு நோய்.

ஆறாம் நாள் முதல் குஞ்சுகள் தீனியை வெறுத்தன. தள்ளாடி நடந்தன. பாதங்கள் கருநீலமாய்ச் சிவந்தன. பிறகு, தலை முதுகை நோக்கிப் பின்னால் வளைய, கால்களை உதைத்து இழுத்து, ஒவ்வொன்றாக இறந்தன. இரண்டு நாட்களில் நான்கு. அவற்றுள் மூன்று, கால் வளைந்து மருந்தால் நிமிர்ந்தவை.

இறந்த குஞ்சொன்றை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். கல்லீரல் வெளிறி வீங்கி, இரத்தக் கசிவோடு இருந்தது. “புண்ணாக்குக் கொடுத்தீர்களா?” என்று கேட்டார். இப்படித் தலை வளைந்து சாவது, ஆறு வார வயதுக்குட்பட்ட குஞ்சுகளைத் தாக்கும் ஒரு கல்லீரல் வைரஸ் நோயாலும் நேரலாம். ஆய்வகம் இன்றி முடிவாகச் சொல்ல இயலாது என்று நேர்மையாகவே கூறினார். ஆயினும் புண்ணாக்கை உடனே நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். அதன்பின் ஒரு குஞ்சும் சாகவில்லை. எனக்கு அதுவே சாட்சி.

1960 இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. காரணம் தெரியாமல் திகைத்த அறிஞர்கள், இறுதியில் அவற்றின் தீனியில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கைக் கண்டுபிடித்தார்கள். அது பிரேசிலிலிருந்து வந்தது. அதில் வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் சுரக்கும் நஞ்சுக்கு, அப்பூசணத்தின் பெயரிலிருந்தே எழுத்தெடுத்து, அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். பூசணத்தைத் தேய்த்துவிட்டால் நஞ்சு போகாது. வேகவைத்தாலும் பெரும்பகுதி அழியாது. அந்த நஞ்சைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைந்த உயிர்களுள் ஒன்று வாத்துக் குஞ்சு. ஒரு தீனியில் இந்த நஞ்சு உண்டா என்று சோதிக்க, ஒருநாள் வயதான வாத்துக் குஞ்சுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கும் முறையையே அறிஞர்கள் முன்பு கையாண்டார்கள். வேறு எந்தக் கால்நடைக்கு அந்தப் புண்ணாக்கை வைத்திருந்தாலும் இவ்வளவு விரைவில் எனக்குத் தெரிந்திருக்காது. மனிதனின் கல்லீரலுக்கும் அது பகையே, புற்றுநோய்க்கே வழிவகுக்கும். நம் அடுக்களையில், பூசணம் பிடித்த வேர்க்கடலையைத் துடைத்து வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், இந்த நான்கு குஞ்சுகளை நினைத்து அதை விட்டுவிடுங்கள்.

கொல்லையில் நான்காவது குஞ்சை மூடிவிட்டு எழுந்தபோது மகள் பின்னால் நின்றிருந்தாள். “வாப்பா, நாம அதுங்களுக்கு ஒரு குறையும் வைக்கலியே, ஏன் செத்துப் போச்சு?” என்று கேட்டாள். அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில், என் தவறை மறைத்துக்கொள்ள அந்த உண்மையைப் போர்வையாக்கப் போகிறேன் என்று என் மனமே என்னைத் தடுத்தது. “வாப்பா தெரியாமல் கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டேன், அம்மா” என்றேன். அவள் நெடுநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, மிஞ்சிய நான்கும் என்ன தின்றன என்பதை அன்று முதல் நாள்தோறும் எழுதத் தொடங்கினாள்.

2022 மாசியில் அதே மந்தைக்காரப் பெரியவர் திரும்பி வந்தார். முட்டைகள் என்னவாயின என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை. குறை கூறவும் இல்லை. எங்கள் முற்றத்தையும் வலையையும் கழுவித் துடைத்த தரையையும் பார்த்தார்.

“கூட்டுக்குள்ள வச்சு அரிசி போட்டா வயிறு ரொம்பும் பாய், கால் ரொம்பாது” என்றார். “எங்க குஞ்சும் மொதல்ல வேகவச்ச நொய்தான் திங்கும். கூடவே உப்பில்லாத காஞ்ச மீனை இடிச்சுப் போடுவோம். கொஞ்சம் தேறுனதும் வெயில் ஏறுன பிறகு ஈர வயல்ல விட்டு, பொழுது சாயறதுக்குள்ள காஞ்ச எடத்துக்கு ஓட்டியாந்துருவோம். நத்தை, புழு, பூச்சி, பாசி. தரையில கெடக்கறதுதான் அதுக்குத் தாய்ப்பாலு.”

தரையில் கிடப்பது. அந்தச் சொல் என்னை உலுக்கியது. பூனையொன்றைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை அறியாத குடும்பம் நம்மிடையே இல்லை. அவள் அதற்கு உணவளிக்கவில்லை என்பது அதன் ஒரு பாதி. பூமியின் சிற்றுயிர்களைத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவள் அதை விடவும் இல்லை என்பது மறுபாதி. ‘கஷாஷுல் அர்ளு’ என்று அரபியில் வரும் அந்தச் சொல்லுக்கு, ‘புழு பூச்சிகள்’ என்று பொருள் சொல்லி, அதன் இலக்கணத்தையும் விளக்கி, ஆண்டுதோறும் மாணவர்களைக் கடந்து போகச் செய்திருக்கிறேன். முதற்பாதிதான் குற்றம், இரண்டாவது அதன் விரிவு என்றே எண்ணியிருந்தேன். உணவளித்தவன் அதனின்றும் தப்பிவிட்டான் என்பது என் நினைப்பு. ஒவ்வோர் உயிருக்கும் அதன் படைப்புக்கேற்ற இரை பூமியில் பரப்பப்பட்டிருக்கிறது. அதற்கும் உயிருக்கும் நடுவில் ஒரு வலையைக் கட்டுகிறவன், அந்த இரைக்கு நிகரானதைத் தானே தேடிக் கொடுக்கும் பொறுப்பைத் தலையில் ஏற்கிறான். ஃபிக்ஹு நூல்களில் நஃபகா பாடத்திலேயே கால்நடைகளின் தீனியையும் நீரையும் ஆலிம்கள் சேர்த்திருப்பதன் கருத்து இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். போதுமான அளவு என்று அவர்கள் சொல்வதை, நான் என் கைப்பிடியால் அளந்தேன். குஞ்சின் காலால் அளந்திருக்க வேண்டும்.

இதை எண்ணும்போது ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். 1998 இல் எங்கள் மத்ரஸாவில் ஓதிய அவன், மனப்பாடத்தில் பின்தங்கியவன். ஆனால் ஓயாமல் கேள்வி கேட்பான். மழை எப்படி வருகிறது, பிறை ஏன் தேய்கிறது என்பான். பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று அடக்கி, மற்றவர்களுக்குக் கொடுத்த பாடத்தையே அவனுக்கு இரட்டிப்பாகக் கொடுத்தேன். ஓராண்டில் அவன் கேள்விகள் நின்றன. மறு ஆண்டு அவனும் நின்றுவிட்டான். குறை வைக்காமல் ஓதிக் கொடுத்தேன் என்றுதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருந்தேன்.

அவ்வாண்டு பெரியவரிடம் முட்டைகளை விலை கொடுத்து வாங்கி மீண்டும் அடை வைத்தோம். பன்னிரண்டில் ஒன்பது பொரித்தன. இம்முறை, வழுக்காதபடி சாக்கு விரித்த தரை. முதல் வாரம் விளக்கின் சூடு. அலகு மட்டும் முங்கும் நீர். வாத்துக் குஞ்சுக்கு ஏற்ற தீவனம் கிடைக்காத நாட்களில், கோழிக்குஞ்சுத் தீவனத்தில் மருத்துவர் சொன்ன அளவில் பி சத்தைச் சேர்த்தோம். கோழித் தீவனத்தில் கோழி நோய்க்கான மருந்து கலந்திருக்கக்கூடும் என்பதால், அதையும் கேட்டே வாங்கினோம். உப்பு மிகுந்த கருவாட்டை ஒதுக்கி, உப்பிடாத காய்ந்த மீனை இடித்துப் போட்டோம். ஊறிய தீனி மிஞ்சினால் அடுத்த வேளைக்கு வைக்காமல் எறிந்தோம். பூசண வாடையுள்ள வைக்கோலை அண்டவிடவில்லை; அதன் தூள் குஞ்சுகளின் நுரையீரலில் நோயாய் இறங்கும். இரண்டாம் வாரக் கடைசியில் வலையை அவிழ்த்தேன். பூச்சிமருந்து தெளிக்காத எங்கள் கொல்லை வாய்க்காலில், மகள் முன்னே நடக்க, ஒன்பதும் வரிசையாக இறங்கின. நத்தை ஒன்றுக்கு இரண்டு குஞ்சுகள் அடித்துக்கொண்டதைப் பார்த்து அவள் சிரித்தாள். ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று. எட்டு வளர்ந்தன. எட்டின் கால்களும் நேராக இருந்தன.

அதற்குள் பள்ளிக்கூடமும் திறந்து, அவளும் பழையபடி பேசத் தொடங்கியிருந்தாள். அவளுக்கும் அந்த ஓராண்டில் நாங்கள் உணவிலோ உடையிலோ ஒரு குறையும் வைக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வேறொன்று என்பதை, நான் கேட்டறிந்து கொடுக்கவில்லை, குஞ்சுகள் கொடுத்தன.

முதல் ஆண்டில் பிழைத்த நான்கில், கால் வளைந்த அந்த வாத்து இன்றும் இருக்கிறது. மாலையில் மந்தையாக வாய்க்காலிலிருந்து வீடு திரும்பும்போது, எல்லாவற்றுக்கும் பின்னால் விந்தி விந்தி வரும். மற்றவை அதற்காக நிற்பதில்லை. கொல்லைக் கதவைத் திறந்து பிடித்தபடி நான் நிற்கிறேன்.